தினம் ஒன்று குறை

"'வந்து சேர்ந்த ரெண்டாம் நாளே கறுத்துப்போச்சு. ஏமாத்து வேலை.' ஒரு நட்சத்திரம்," என்று கோந்து ஃபோனைப் பார்த்து உரக்கப் படித்தான். "அடுத்தது. 'எண்ணிப் பார்த்தேன், குறையுது. இதையெல்லாமா விப்பாங்க?' இதுக்கும் ஒண்ணு. அடுத்தது, 'பிரிச்சதுமே அழுகல் வாடை.' அதே ஒண்ணு. அக்கா, இவங்களுக்கு வந்த நட்சத்திரத்தையெல்லாம் கூட்டினாலும் அமாவாசை வானம் தேறாது போலிருக்கு."

"வாயை மூடிக்கிட்டுப் படி," என்றாள் சல்லடை.

"வாயை மூடிக்கிட்டு எப்படிக்கா படிக்கிறது?"

சல்லடை என்பது அவளுக்கு வீட்டில் வைத்த பெயர் அல்ல. துப்பு விசாரிக்கப் போன இடத்தில் கல்லையும் மண்ணையும் உமியையும் சலித்து எடுக்காமல் எழுந்திருக்க மாட்டாள் என்பதால் வந்த பெயர். கோந்து அவளுடைய உதவியாளன். யாரையாவது பின்தொடரச் சொன்னால் விடாமல் ஒட்டிக்கொள்வான். வாய்தான் கொஞ்சம் நீளம். ஆனால் நீளமான வாய்க்கு எதிரில் இருப்பவர்களும் வாயைத் திறக்கிறார்கள் என்பதால் சல்லடை அதைப் பொறுத்துக்கொண்டிருந்தாள்.

அவர்கள் உட்கார்ந்திருந்த அறையின் பாதி கடை, பாதி பட்டறை. பின்பக்கம் அண்ணன் மரத்தை அறுத்துச் சீப்பு செய்வார். பலகையை இழைத்து, மெல்லிய மின் ரம்பத்தால் ஒவ்வொரு பல்லாகக் கீறி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, எண்ணெயில் ஊறவைத்து எடுப்பார். முன்பக்கம் தங்கை அதைப் படம் பிடித்து, ஆன்லைன் சந்தையில் ஏற்றி, விற்றதை அட்டைப்பெட்டியில் வைத்து டேப் ஒட்டுவாள். இரண்டு பேர், ஒரு மேசை, ஒரு ரம்பம். அதுதான் மொத்தக் கம்பெனி.

தங்கை பேசிக்கொண்டே பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தாள். வலது மணிக்கட்டில் வீக்கத்துக்குப் போடும் சுருக்குத்துணி இறுக்கிக் கட்டியிருந்தது.

"எனக்கு இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள தெரிஞ்சாகணும் மேடம். யாரு இதைச் செய்யுறாங்கன்னு."

"சாயங்காலம் என்ன?"

"ஆப்காரங்க கணக்கு எடுப்பாங்க. புது ரூல்." அவள் ஒரு சீப்பை எடுத்து மேசையின் குறுக்கே கோடு மாதிரி வைத்தாள். "இதுதான் கோடுன்னு வச்சுக்கோங்க. முந்நூறு. முந்நூறுக்குக் கீழ விலை போட்டா பத்துல ஒரு பங்கு கமிஷன். மேல போட்டா நாலுல ஒரு பங்கு. முன்னாடி எல்லாத்துக்கும் ஒரே கமிஷன்தான். எங்க பெரிய சீப்பு மூணு இருபது. சரியா கோட்டுக்கு மேல மாட்டிக்கிட்டோம்."

கோந்து மனக்கணக்குப் போட்டான். முந்நூற்று இருபதுக்கு விற்றால் நாலில் ஒரு பங்கு போய்க் கையில் நிற்பது இருநூற்று நாற்பது. அதையே இருநூற்றுத் தொண்ணூற்று ஒன்பதுக்கு விற்றால் கிட்டத்தட்ட இருநூற்று எழுபது நிற்கும். விலையைக் குறைத்தால் வரும்படி கூடுகிறது. அவனுக்குத் தலை சுற்றியது. உலகத்தில் எந்தக் கடையிலும் இல்லாத அதிசயம் இது.

"அப்ப இறக்கிட வேண்டியதுதானேங்க?"

"எங்க அண்ணனும் இதையேதான் சொல்லுது. நான் முடியாதுன்னுட்டேன். எல்லாரும் அடிச்சுப் பிடிச்சுக் கோட்டுக்குக் கீழ போய் உக்காந்ததும் கோட்டையே கீழ இறக்குவாங்க. அப்புறம் அதுக்கும் கீழ. நாம குனிஞ்சுக்கிட்டே போக வேண்டியதுதான்." அவள் டேப்பைப் பல்லால் கடித்து அறுத்தாள். "அதை விடுங்க. ரூல்ல இன்னொண்ணும் இருக்கு. கடையோட சராசரி நாலு நட்சத்திரத்துக்குக் கீழ போனா, விலை என்னவா இருந்தாலும் மூணுல ஒரு பங்கு எடுத்துப்பாங்க. நாங்க நாலுக்கு மேலதான் இருந்தோம். இந்தப் பாழாப்போன விமர்சனம் தினம் ஒண்ணா வந்து இப்ப விளிம்புல நிக்கிறோம். மூணுல ஒண்ணு போச்சுன்னா பட்டறையை மூடிட வேண்டியதுதான்."

சராசரி என்பது ஒரு விசித்திரமான தராசு. பத்துப் பேர் ஐந்து நட்சத்திரம் கொடுத்து ஏற்றியதை மூன்று பேர் ஒரு நட்சத்திரம் கொடுத்து நாலுக்கு நெருக்கமாக இறக்கிவிடலாம். பெரிய கடைக்கு ஆயிரக்கணக்கில் விமர்சனம் இருக்கும். ஒரு கல்லைப் போட்டால் குளம் அசையாது. சின்னக் கடை தம்ளர் தண்ணீர். ஒரு கல்லே போதும்.

"உங்களுக்கு யார் மேல சந்தேகம்?" என்றாள் சல்லடை.

"மூங்கில் சீப்பு விக்கிறவர் ஒருத்தர் இருக்கார். நாங்க விழுந்தா அவர் மேல வருவார்." தங்கை அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் பின்பக்கம் ரம்பச் சத்தம் நின்றதும் அவள் குரலும் தாழ்ந்தது. "அப்புறம்... மரம் வாங்குறது அண்ணன். கறுக்குது, அழுகுது, பல் குறையுதுன்னு இத்தனை பேர் சொன்னா, நான் என்னன்னு நினைக்கிறது? மட்டமான மரத்தை வாங்கிட்டு என்கிட்ட மறைக்குதோன்னு."

சந்தேகம் வெளியிலிருந்து வரும்போது கதவைத் தட்டும். வீட்டுக்குள்ளேயே பிறந்தால் தட்டாது, அதற்குச் சாவி தெரியும். இந்த வீட்டில் அது சாப்பாட்டு நேரத்துக்குத் தட்டும் போட்டு உட்கார்ந்திருந்தது என்பது கோந்துக்குப் புரிந்தது.

அண்ணன் தண்ணீர் குடிக்க வந்தார். புருவத்திலெல்லாம் மரத்தூள்.

"மரம் எப்படிங்க?" என்று சல்லடை கேட்டாள்.

"நல்ல மரம்."

"அப்ப இந்தக் குறையெல்லாம்?"

"பொய்."

தம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போய்விட்டார். ரம்பம் மறுபடி ஓடியது.

"என்னங்க, வார்த்தைக்குக் காசு கட்டுற மாதிரி பேசுறார்?" என்றான் கோந்து.

"தெருவுல அண்ணனோட பேரே தந்திதான்," என்றாள் தங்கை. அதைச் சொல்லும்போது அவள் சிரிக்கவில்லை. "நாலு வார்த்தை பேசினா எனக்கும் நம்பிக்கையா இருக்கும். பேசினாத்தானே?"

சல்லடை பேன் சீப்பு ஒன்றைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். முகர்ந்தாள். நகத்தால் கீறினாள். "மிச்சத்தையும் படி."

"'தோல் ரொம்பத் தடிப்பு. உள்ள ஒண்ணுமே இல்ல.'"

"அது பெட்டியைச் சொல்றாங்கன்னு நினைச்சேன்," என்றாள் தங்கை. "அதான் மெல்லிசா அட்டை மாத்தினேன்."

"திருப்பிப் படி."

"'தோல் ரொம்பத் தடிப்பு. உள்ள ஒண்ணுமே இல்ல.'"

சல்லடை சீப்பைத் தங்கையிடம் நீட்டினாள். "இதுல தோல் எங்க இருக்கு?" பிறகு கோந்துவிடம், "அடுத்தது."

"'ஒரு சீப்புன்னா பத்துப் பன்னிரண்டாவது இருக்கணும். இதுல பாதி காய்.'" கோந்து நிறுத்தினான். ஃபோனை ஒருமுறை தலைகீழாகப் பிடித்துப் பார்த்தான், அப்படிப் பார்த்தால் வேறு அர்த்தம் வருமோ என்பது போல. பிறகு அவன் தோள் குலுங்க ஆரம்பித்தது. "அக்கா. இவங்க தலை சீவுற சீப்பைச் சொல்லல. வயித்துக்குப் போற சீப்பைச் சொல்றாங்க."

"வாழைப்பழச் சீப்பு," என்றாள் சல்லடை.

தங்கை கையிலிருந்த டேப் உருண்டு கீழே போனது. கறுத்துப்போனது, அழுகியது, எண்ணிக்கை குறைந்தது, தோல் தடித்தது. இத்தனை நாளும் ஒவ்வொன்றையும் தன் மரத்துக்குப் பொருத்திப் பொருத்திப் பார்த்து அழுதிருக்கிறாள். அத்தனையும் பழத்துக்குச் சொன்னது.

"எழுதின ஆள் பொருளைக் கண்ணால பார்க்கவே இல்ல," என்றாள் சல்லடை. "காதால கேட்டிருக்காங்க. 'சீப்பு'ன்னு யாரோ சொல்லியிருக்காங்க, அவங்களும் சீப்புக்கு ஏத்த குறையை எழுதிட்டாங்க. கூலிக்கு எழுதுறவங்க. சரி, வாங்காதவங்க விமர்சனம் எழுத ஆப் விடுமா?"

"விடாது. வாங்கியிருக்கணும்."

"அப்ப தினம் ஒண்ணு வாங்கித்தான் ஆகணும். கூலிக்கு வேலை செய்யுறவன் எதை வாங்குவான்?"

தங்கை கையிலிருந்த பேன் சீப்பைப் பார்த்தாள். கடையிலேயே மலிவான சாமான் அது. "தினம் ஒண்ணு போகுது. ஊர்ல பேன் பெருகிப்போச்சுன்னு சந்தோஷப்பட்டேன்."

"சீப்பே சீப்பா கிடைச்சா வாங்க மாட்டாங்களா," என்றான் கோந்து. யாரும் சிரிக்கவில்லை. அதனால் அவனே சிரித்துக்கொண்டான்.

வாங்குபவரின் முகவரியை இந்தச் சந்தை விற்பவருக்குக் காட்டுவதில்லை. பெட்டியின் மேல் ஒட்டும் தாளில் கறுப்புக் கட்டம் மட்டும்தான் இருக்கும். பார்சல்காரர் தன் கருவியை அந்தக் கட்டத்துக்கு நேரே காட்டினால்தான் முகவரி தெரியும், அதுவும் அவருக்கு மட்டும். ஊருக்குள்ளேயே போகும் பார்சலை எடுப்பவரும் கொடுப்பவரும் ஒரே ஆள்தான். அன்றைய பெட்டிகளில் ஒன்று பேன் சீப்பு.

பார்சல்காரர் வந்து பையை விரித்ததும் சல்லடை முகவரி கேட்கவில்லை. கேட்டால் அவர் வேலைக்கு வேட்டு. அவள் வேறொன்று கேட்டாள்.

"அண்ணே, முட்டி வலியா? படி ஏறுற மாதிரி காலை வைக்கிறீங்களே."

பார்சல்காரர் நிமிர்ந்தார். அவரிடம் இத்தனை வருஷத்தில் யாரும் முட்டியை விசாரித்ததில்லை போலும். "லிஃப்ட் இல்லாத மூணு மாடிம்மா. தினம் ஏற வேண்டியிருக்கு. இந்தச் சின்னப் பெட்டிக்காகத்தான்." பேன் சீப்புப் பெட்டியைத் தட்டிக் காட்டினார். "தினம் ஒரு பேரு. ஒரு நாள் ஆம்பளைப் பேரு, ஒரு நாள் பொம்பளைப் பேரு. கதவைத் திறக்கிறது ஒரே ஆள். அதுல வேடிக்கை என்னன்னா, அந்த ஆளு தலையில தேடினாலும் ஒத்தை முடி கிடையாது. பேன் வந்தா வழுக்கித்தான் விழணும்."

அவர் வண்டி கிளம்பியது. பின்னாலேயே கோந்துவின் வண்டியும் கிளம்பியது. அதன் பின்சீட்டில் சல்லடை.

வண்டி ஒரு பெயின்ட் உதிர்ந்த கட்டிடத்தின் முன் நின்றது. பார்சல்காரர் முட்டியைப் பிடித்துக்கொண்டு ஏறி இறங்கிப் போன பிறகு இவர்கள் ஏறினார்கள். கதவைத் திறந்தவரின் தலை, வாசல் பல்பின் வெளிச்சத்தை அப்படியே திருப்பிக் கொடுத்தது.

"யாரு?"

"சீப்புக் கடையிலேருந்து வர்றோம். ஆர்டர் விஷயமா," என்றாள் சல்லடை. அதில் ஒரு வார்த்தை கூடப் பொய்யில்லை. எந்தச் சீப்புக் கடை என்று மட்டும் சொல்லவில்லை.

வழுக்கைக்காரர் உள்ளே திரும்பி, "இந்தாம்மா, உன் பார்ட்டி," என்றார்.

உள்ளே துணி காயப்போடும் மடக்குக் கம்பி ஒன்று நின்றது. அதில் துணிக்குப் பதிலாகப் பழைய ஃபோன்கள் வரிசையாகத் தொங்கின. ஒவ்வொன்றின் முதுகிலும் ஒரு பெயர் ஒட்டியிருந்தது. எல்லாவற்றிலிருந்தும் சார்ஜர் வயர் வழிந்து ஒரே இடத்தில் கூடியது. ஓரத்தில் ஒரு பிளாஸ்டிக் வாளி. அது நிறையப் பேன் சீப்பு. கோந்து அந்த ஃபோன்களைப் பார்த்தான். அந்த வீட்டில் குடியிருப்பது இரண்டு பேர்தான் போலிருந்தது. ஆனால் ஒரு கல்யாண வீட்டுக் கூட்டமே கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தது.

வழுக்கைக்காரரின் மனைவி மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு வந்தாள். தொழிலில் அவள்தான் முதலாளி என்பது அவர் எழுந்து நாற்காலி கொடுத்த விதத்திலேயே தெரிந்தது.

"என்ன விஷயம்? வேலை ஒழுங்காத்தானே போகுது?"

"எங்கங்க ஒழுங்கா போகுது?" சல்லடை ஃபோனை நீட்டினாள். "பாதி காய், தோல் தடிப்புன்னு எழுதியிருக்கு. இது மரச்சீப்பு."

அவள் கண்ணாடியை இறக்கிப் படித்தாள். முகம் மாறியது. புருஷனைப் பார்த்தாள். புருஷன் வாளியைப் பார்த்தார்.

"படிச்சுப் பார்த்து ஏத்த மாட்டீங்களா?"

"நான் எதுக்குப் படிக்கணும்?" என்றார் வழுக்கைக்காரர். "என் வேலை வாங்குறது, ஒட்டுறது. எழுதுறது வேற ஆளு."

"எழுதுற பொண்ணு வேற ஊர்ல இருக்கு," என்றாள் மனைவி. "நூறு கடைக்கு எழுதுது. பொருள் என்ன, புகழ்ச்சியா குறையான்னு நான் ஃபோன்ல சொல்லுவேன், அது எழுதி அனுப்பும். 'சீப்பு, குறை'ன்னு சொன்னேன். அது பழம்னு நினைச்சிருக்கு. இவர் அப்படியே ஒட்டிட்டார். சரி, விடுங்க, இனிமே மரம்னே சொல்லிடறேன். பாதிக் காசு தள்ளிக்கலாம்."

தொழில் சுத்தம் என்று கோந்து நினைத்துக்கொண்டான். அழுகின சரக்குக்குத் தள்ளுபடி கூடக் கொடுக்கிறார்கள்.

"ஆர்டர் சொன்னவரு உங்ககிட்ட என்ன சொன்னார்? சரியா சொல்லுங்க," என்றாள் சல்லடை. "எங்க பக்கம் தப்பா சொல்லியிருந்தா நாங்க பார்த்துக்குறோம்."

"மறக்குமா? வந்த ஆர்டர்லயே சின்ன ஆர்டர் அதுதான். கடை பேர் சொன்னார். 'சீப்பு. தினம் ஒண்ணு குறை. மூணுக்குக் கீழ வந்ததும் நிறுத்து.' அவ்வளவுதான். வாங்க போங்கன்னு ஒரு மரியாதை கிடையாது. வச்சுட்டார். மூணு நட்சத்திரத்துக்குக் கீழ கொண்டு வரணும்னா நாளாகும்னு சொல்லலாம்னு பார்த்தா லைன் இல்ல. பின்னாடி ஏதோ கர் கர்ருன்னு ஒரே சத்தம் வேற."

கோந்து மனசுக்குள் கூட்டிப் பார்த்தான். வார்த்தைக்குக் கணக்குப் பார்க்கும் ஆள். பின்னால் ரம்பம்.

சல்லடை கிளம்பினாள். வாசல் வரை போனவள் திரும்பினாள். "கடையோட பாஸ்வேர்டு எதுவும் கேட்டீங்களா?"

"விமர்சனம் போட பாஸ்வேர்டு எதுக்குங்க?"

படி இறங்கும்போது கோந்து பேசாமல் வந்தான். அதுவே ஒரு செய்தி. இரண்டாவது மாடியில் தாங்க முடியாமல் ஆரம்பித்தான்.

"கூடப் பிறந்தவரே குழி வெட்டியிருக்கார்க்கா. கடை படுத்துட்டா தங்கச்சியை வெளிய அனுப்பிட்டுத் தனியா நடத்தலாம்னு திட்டமா இருக்கும். இல்ல, மூங்கில்காரரோட கூட்டு. 'நல்ல மரம்', 'பொய்'னு என்னமா சொன்னார். வாயே திறக்காதவங்களை நம்பவே கூடாது. நான் எத்தனை நல்லவன் பாருங்க."

"பணம் கொடுத்துத் தன் மரத்தையே அழுகல்னு சொல்ல வைப்பாரா?"

"அவருக்குப் பழம்னு தெரியாதே."

"அதைச் சொல்லல." அவள் கடைசிப் படியில் நின்றுவிட்டாள். "பாஸ்வேர்டு இல்லாம செய்ய முடியாத வேலை ஒண்ணு இருக்கு. அதைத்தான் யோசிக்கிறேன்."

பட்டறைக்குத் திரும்பியபோது வெயில் சாய்ந்திருந்தது. சல்லடை தங்கையிடம் அந்த அம்மாள் சொன்னதை எதுவும் கூட்டாமல் குறைக்காமல் சொன்னாள். தங்கை கேட்டுக்கொண்டு நின்றாள். பிறகு பின்பக்கம் போய் ரம்பத்தின் சுவிட்சை அணைத்தாள். சத்தம் அடங்கியது. பக்கத்து வீட்டுக் குழாய் சொட்டுவது கூடக் கேட்டது.

"அண்ணா, நீ யாருக்கோ ஃபோன் பண்ணினியா? நம்ம கடையைப் பத்தி?"

தந்தி நிமிர்ந்தார். "பண்ணினேன்."

மறுப்பார் என்று எதிர்பார்த்த கோந்து மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டான்.

"தினம் ஒண்ணு குறைன்னு சொன்னியா?"

"சொன்னேன்."

"ஏண்ணா?" அவள் குரல் உடைந்தது. "நான் உனக்கு என்ன குறை வச்சேன்? பங்கு வேணும்னா கேட்டிருக்கலாம். பட்டறை உனக்கேன்னு எழுதிக் கொடுத்துட்டுப் போயிருப்பேன். ஊரான் கிட்டக் காசு கொடுத்து நம்ம சாமானை அழுகல்னு சொல்ல வைக்கிற அளவுக்கு..."

"அழுகலா?" என்றார் தந்தி.

அவர் முகத்தில் இருந்தது பயம் இல்லை, குழப்பம். சல்லடை நடுவில் வந்தாள்.

"நீங்க ஃபோன் பண்ணின நம்பர் எங்க கிடைச்சுது?"

"கம்பத்துல ஒட்டியிருந்துச்சு."

"என்ன போட்டிருந்தது?"

"ஆன்லைன் கடை வேலை எல்லாம் செய்து தரப்படும்."

"எதைக் குறைக்கச் சொன்னீங்க?"

தந்தி அவளை வினோதமாகப் பார்த்தார். இதைக் கூடவா கேட்பார்கள் என்பது போல. "விலையை."

அந்த ஒரு சொல் அறையில் விழுந்து, உருண்டு, எல்லார் காலடியிலும் போய் நின்றது.

சல்லடை தங்கையிடம் திரும்பினாள். பிடித்த கடிகாரத்தைப் பிரித்து உள்ளே காட்டுகிறவளின் ஆசையோடு நிதானமாகச் சொன்னாள். "இவர் சொன்னது ஏவல். தினம் ஒண்ணு, குறை. அதாவது நாளுக்கு ஒரு ரூபாயா விலையை இறக்கிக்கிட்டே வா. அந்த அம்மா நாள் முழுக்க விக்கிறது புகழ்ச்சியும் குறையும். அவங்க காதுக்கு அது எப்படிப் போகும்? தினம் ஒரு குறை. 'குறை'ங்கிற ஒரு வார்த்தை, சொன்னவர் வாயில வேலையா இருந்துச்சு, கேட்டவங்க காதுல சரக்கா மாறிடுச்சு."

"மூணுக்குக் கீழன்னாரே," என்றான் கோந்து. சந்தேகத்தை அவ்வளவு சுலபமாக விட அவனுக்கு மனம் வரவில்லை. "நட்சத்திரம்தானே அது?"

"காலையில இவங்க விலை சொன்னப்ப என்னன்னு சொன்னாங்க? முந்நூத்து இருபதுன்னா சொன்னாங்க?"

"மூணு இருபது," என்று தங்கை முணுமுணுத்தாள். "வீட்ல நாங்க அப்படித்தான் சொல்லுவோம்."

"மூணுன்னா முந்நூறு. கோட்டுக்குக் கீழ வந்ததும் நிறுத்துன்னு சொல்லியிருக்கார். விலையை மாத்தணும்னா கடைக்குள்ள போகணும், அதுக்குப் பாஸ்வேர்டு வேணும். அவங்க கேட்கவே இல்ல. விலை வேலைன்னு புரிஞ்சிருந்தா முதல் கேள்வியே அதுதான். உங்க அண்ணனுக்கு ஆப் தெரியாது, அதனால கேட்கலையேன்னு அவருக்கும் தோணல." அவள் தந்தியைப் பார்த்தாள். "ஏன் ஒரே அடியா இறக்காம தினம் ஒண்ணு?"

"சட்டுனு இறக்கினா ஆப் கடையை மறைச்சிடும்னு மத்த கடைக்காரங்க சொன்னாங்க." பிறகு தங்கையைக் காட்டி, "இவளுக்கும் தெரிஞ்சிடும்."

"ஆக, எனக்குத் தெரியாமச் செய்யணும்னுதான் செஞ்ச," என்றாள் தங்கை. அழுகை நின்றிருந்தது. கோபம் நிற்கவில்லை. "குறை மாறிப்போச்சு, சரி. ஒளிச்சுச் செஞ்சது மாறலையே. முடியாதுன்னு நான் சொன்னேன்ல?"

"சொன்ன."

"அப்புறம் எதுக்கு?"

தந்தி மரத்தூள் படிந்த கையால் அவள் மணிக்கட்டைக் காட்டினார். துணிக் கட்டு அழுக்காகியிருந்தது.

"கமிஷன் ஏறினதும் நீ ஒட்டுற பெட்டி ஜாஸ்தியாச்சு. கையில வர்றது ஏறல. கை வீங்குது. காட்ட மாட்டேங்கிற. நான் அறுக்கிறதை நிறுத்தினா நீ ஒட்டுறதை நிறுத்துவியோன்னு ஒரு நாள் அறுக்காமக் கூட இருந்து பார்த்தேன். பழைய ஸ்டாக்கை எடுத்து ஒட்டின."

அவர் ஒரே மூச்சில் அவ்வளவு பேசி அந்தத் தெருவில் யாரும் கேட்டதில்லை. தங்கை கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள், சின்னப் பிள்ளை மாதிரி.

கோந்து தொண்டையைச் செருமினான். "அப்புறமென்னங்க, எல்லாம் தெளிஞ்சுடுச்சு. ஆப்காரங்களுக்கு ஃபோன் போட்டு நடந்ததைச் சொல்லி, இது கூலிக்கு எழுதினது, எடுத்துடுங்கன்னா முடிஞ்சது."

"முடிஞ்சதுதான்," என்றாள் தங்கை. "கூலிக்கு எழுதினதுன்னா யார் கூலி கொடுத்தான்னு கேப்பாங்க. கடைக்காரங்களே விமர்சனம் வாங்கினா, நல்லதோ கெட்டதோ, கடையை நிரந்தரமா மூடிடுவாங்க. அதுவும் ரூல்தான்."

உண்மையைக் கண்டுபிடித்தாகிவிட்டது, ஆனால் அதை வாசலுக்கு வெளியே கொண்டுபோக முடியாது. கடையைக் காப்பாற்ற வந்த உண்மையே கடைக்குப் பூட்டு. சொன்னால் அண்ணனால் மூடும், சொல்லாவிட்டால் நட்சத்திரத்தால் மூடும். வெளியே வெயில் சுவரிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தது.

சல்லடை தங்கையின் ஃபோனைக் கேட்டு வாங்கினாள். ஒரு விமர்சனத்தின் ஓரத்தில் இருந்த மூன்று புள்ளிகளை அழுத்தினாள். புகார் சொல்லக் காரணங்கள் வரிசையாகத் திறந்தன. மோசமான வார்த்தை. மிரட்டல். போலி. அவள் விரல் 'போலி'யைத் தாண்டிக் கீழே போனது.

"போலின்னு சொன்னா விசாரணை வரும். இதைப் பாருங்க. 'இது வேறு பொருளைப் பற்றியது.' இதுக்கு யாரு, ஏன்னு எந்தக் கேள்வியும் இல்ல. எழுதினதைப் படிச்சுப் பார்ப்பாங்க. பழம்னு தெரிஞ்சா எடுத்துடுவாங்க. நாம ஒரு பொய்யும் சொல்ல வேண்டியதில்ல. அது வேற பொருளைப் பத்தினதுதானே?"

"கறுத்துப்போச்சுன்னு மட்டும் இருக்கிறதை?" என்றாள் தங்கை.

"அது தங்கினா தங்கட்டும். தோலும் காயும் டஜனும் போனாலே போதும், நாலுக்கு மேல வந்துடுவீங்க."

தங்கை ஒவ்வொன்றாக அழுத்தினாள். கோந்து பக்கத்தில் உட்கார்ந்து, இது பழம், இது பழம், இது சந்தேகம், இது நிச்சயம் பழம் என்று தரம் பிரித்துக் கொடுத்தான். பிறகு நால்வரும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். காத்திருக்கும்போது யாருக்கும் எதிரில் இருப்பவரைப் பார்க்கத் துணிவில்லை. பதில் வராமலே கணக்கு எடுத்துவிட்டால் என்று ஒவ்வொருவரும் நினைத்தார்கள்.

ஃபோன் ஒருமுறை அதிர்ந்தது. உங்கள் புகாருக்கு நன்றி. இன்னொரு முறை. இன்னொரு முறை. கடைப் பெயருக்குக் கீழே இருந்த எண் கண் சிமிட்டுவது போல மாறியது. நாலு, புள்ளி, இரண்டு.

தங்கை மூச்சை வெளியே விட்டாள். நாற்காலியில் சாய்ந்தாள். கொஞ்ச நேரம் கழித்து அவள் விலைப் பக்கத்தைத் திறந்து ஃபோனை மேசை மேல் அண்ணன் பக்கமாகத் தள்ளினாள்.

"ரெண்டு தொண்ணூத்தொன்பது போடு. ஒரு மாசம் பார்ப்போம். ஆப் மறைச்சா மறைக்கட்டும், வெளிப்படையா இறக்குவோம். கோட்டைக் கீழ தள்ளினாங்கன்னா நான் திருப்பி ஏத்திடுவேன், நீ குறுக்க பேசக் கூடாது."

"அதுல அவருக்கு ஒரு கஷ்டமும் இருக்காதுங்க," என்றான் கோந்து.

சல்லடை அவன் காலை மிதித்தாள்.

தந்தி ஃபோனைப் பார்த்தார். அதைத் தொடலாமா என்று தங்கையைப் பார்த்தார். பிறகு ஆள்காட்டி விரலால் இரண்டை அழுத்தினார். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி அழுத்தினார். விரல் முழுக்க மரத்தூளும் எண்ணெயும். கண்ணாடிக்கு அது விரலாகவே தெரியவில்லை. அவர் சட்டையில் தேய்த்துக்கொண்டு அழுத்தினார். சட்டையிலும் தூள்தான்.

"கொடு இங்க," என்றாள் தங்கை.

ஃபோனைக் கேட்கிறாள் என்று நினைத்து அவர் அதைத் தள்ளினார். அவள் அவர் விரலைப் பிடித்து இழுத்தாள். பெட்டி துடைக்கும் துணியால், நகக்கண்ணிலிருந்து கீழே வரை, சீப்பின் ஒரு பல்லைத் துடைப்பது போலச் சுற்றிச் சுற்றித் துடைத்தாள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். இன்னொரு தடவை துடைத்தாள்.

"இப்ப அழுத்துண்ணா."